கோடை மழைக்குப் பிறகு மேய விட்ட மாடு அரைமணியில் செத்தது, கண்வலிக்கிழங்கு காரணமா?

மூலனூர்க்காரன்:
வணக்கம். எழுதவே மனமில்லை, ஆனாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும். நேற்றுக் காலை எங்கள் மயிலைப் பசு செத்துவிட்டது. மூன்றாம் ஈத்து, வீட்டிலேயே பிறந்து வளர்ந்த மாடு. கூட மேய்ந்த கிடாரி விழுந்து எழுந்துவிட்டது. அதே காட்டில் மேய்ந்த 28 மேச்சேரிச் செம்மறிகளுக்கு ஒன்றுமே ஆகவில்லை, அதுதான் எனக்குப் புரியவில்லை.

மூலனூர்ப் பக்கம் எங்களுக்கு ஆறு ஏக்கர் கொரங்காடு, அதாவது வேலி போட்ட மானாவாரி மேய்ச்சல் காடு. பங்குனியில் பக்கத்தில் நான்கு ஏக்கரைக் குத்தகைக்குப் பிடித்தேன். பத்துப் பன்னிரண்டு நாள் முன்னால் நல்ல மழை, அதுவரை கட்டாந்தரையாகக் கிடந்த காடு பச்சை பிடித்துவிட்டது. முந்தாநாள் சொந்தத்தில் ஒரு கல்யாணம், வீட்டில் ஆள் இல்லை, மாடுகளுக்குத் தண்ணீர் காட்டியதோடு சரி. நேற்று எட்டு மணிக்குப் படலைத் திறந்து குத்தகைக் காட்டுக்குள் விட்டேன். அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. பசு மூச்சு வாங்குகிறது, வாயில் நுரை, நடை தள்ளாடிப் படுத்தது, காலை உதைத்துக்கொண்டே போய்ச் சேர்ந்துவிட்டது. கால்நடை ஆம்புலன்ஸ் 1962க்குப் போன் அடித்தேன், வண்டி வருவதற்குள் பசு போயிற்று. டாக்டர் கிடாரிக்கு நரம்பில் ஊசி போட்டார், விஷத்தழை தின்றிருக்கிறது என்றார். அந்த நேரத்தில் நான் எதையும் விவரமாகக் கேட்கவில்லை.

அந்தக் காட்டுக்கு வடக்கே ஒருவர் கண்வலிக்கிழங்கு, அதாவது செங்காந்தள், போடுகிறார். போன வெள்ளாமையின் காய்ந்த கொடியும் அழுகல் கிழங்கும் வேலி ஓரம் குவிந்து கிடக்கிறது. எனக்கு அதன் மேல்தான் சந்தேகம். அவரிடம் சண்டைக்குப் போகும் முன் இங்கே கேட்டுவிடலாம் என்று வந்தேன்.

புதுப்பண்ணை:
ரொம்ப வருத்தம் அண்ணா. கண்வலிக்கிழங்கு கொடிய விஷம் என்று எல்லோருக்கும் தெரியும், அப்புறம் என்ன சந்தேகம்? போய்க் கேளுங்கள், நஷ்ட ஈடு கொடுக்கச் சொல்லுங்கள். மேய்ச்சல் காட்டுப் பக்கத்தில் அதைப் போடவே விடக்கூடாது.

கலப்பைக்கிழங்கு:
நானும் கண்வலிக்கிழங்கு போடுகிறவன்தான், ஒட்டன்சத்திரம் பக்கம். கொடி ஆடியில் முளைக்கும், ஐப்பசி கார்த்திகையில் பூத்து நிற்கும், தை மாசிக்குள் காய் பறித்து முடிந்துவிடும். சித்திரையில் கிழங்கு மண்ணுக்குள் தூங்குகிறது, தழை என்று ஒன்றும் கிடையாது. வேலி ஓரம் கழிவைக் குவித்தது தப்பு, அதை நியாயப்படுத்த மாட்டேன், குழி வெட்டிப் புதைத்திருக்க வேண்டும். ஆனால் அரைமணியில் மாட்டைச் சாய்க்கிற விஷம் இது கிடையாது. எங்கள் ஊரில் ஒரு வெள்ளாடு கிழங்கைத் தோண்டித் தின்றுவிட்டு இரண்டு நாள் ரத்தமாகக் கழிந்து செத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர்:
கலப்பைக்கிழங்கு சொல்வது சரி. அந்தக் கிழங்கில் இருக்கிற விஷமான கோல்சிசின் மெதுவாக வேலை செய்யும், முதலில் குடலைப் பிடிக்கும், கழிச்சல் இல்லாமல் போகாது. மூலனூர்த் தம்பி, யார் மேலும் கோபப்படும் முன் எனக்குச் சில விஷயங்களைச் சொல்லுங்கள். பசு விழுந்தபோது ஈறும் கண்ணின் உள் இமையும் என்ன நிறத்தில் இருந்தன? சாணி எப்படி? ஊசி போட்டபோது அல்லது காயத்தில் ரத்தம் தெரிந்திருந்தால் அதன் நிறம் என்ன? குத்தகைக் காட்டில் புல்லைத் தவிர வேறு என்ன முளைத்திருக்கிறது? நினைவில் இருப்பதை வைத்துச் சொல்லாமல் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

கொழுக்கட்டைப்புல்:
டாக்டர் கேட்பதற்கு முன்னால் நான் ஒன்று கேட்கிறேன். அந்தக் குத்தகைக் காட்டைச் சமீபத்தில் உழுதார்களா?

மூலனூர்க்காரன்:
இப்போதுதான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். சாணி சாதாரணமாகத்தான் இருந்தது, கழிச்சல் இல்லை. ஈறு செக்கச்செவேல் என்று இருந்தது நன்றாக நினைவிருக்கிறது, மூச்சு முட்டுகிற மாடு நீலம் பாயாமல் இவ்வளவு சிவப்பாக இருக்கிறதே என்று எங்கள் அம்மாகூடச் சொன்னார்கள். கிடாரிக்கு ஊசி குத்திய இடத்திலும் நல்ல சிவப்பு ரத்தம்.

ஆமாம் ஐயா, உழுதிருக்கிறார்கள். காட்டுக்காரர் நடுவில் ஒன்றரை ஏக்கர் போன புரட்டாசியில் உழுது சோளம் விதைத்திருக்கிறார். தையில் அறுத்துவிட்டார், கட்டை அப்படியே நிற்கிறது. மழைக்கு அந்தக் கட்டையெல்லாம் துளிர்த்து முழங்காலுக்குக் கீழே இளம்பச்சையாக நிற்கிறது. உதிர்ந்த சோளமும் முளைத்திருக்கிறது. பல துளிரில் நுனி கடித்திருக்கிறது. எனக்குச் சோளம் என்று தோன்றவே இல்லை, தீவனம்தானே என்று விட்டுவிட்டேன்.

கொழுக்கட்டைப்புல்:
அவ்வளவுதான், கதை முடிந்தது. தாள் துளிர்த்த சோளத்தில் மாட்டை விட்டிருக்கிறீர்கள்.

ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர்:
நேரில் பார்க்காமல் நூற்றுக்கு நூறு சொல்ல மாட்டேன், ஆனால் என் பணிக்காலத்தில் இதே கதையை ஒவ்வொரு கோடை மழைக்கும் கேட்டிருக்கிறேன். அது சயனைடு. இளஞ்சோளத்தில் துர்ரின் என்று ஒரு சர்க்கரைப் பொருள் இருக்கிறது. அது சும்மா இருக்கும்வரை விஷமில்லை. தழையில் அது ஒரு பக்கம், அதை உடைக்கிற நொதி இன்னொரு பக்கம். மாடு மென்றாலோ, தழை வாடினாலோ, கசங்கினாலோ இரண்டும் சேர்ந்து ஹைட்ரஜன் சயனைடு வெளிவருகிறது. வயிற்றில் இருக்கிற நுண்ணுயிர்களும் அதே வேலையைச் செய்யும், அதனால்தான் அசைபோடுகிற கால்நடைக்கு ஆபத்து அதிகம், குதிரைக்கும் பன்றிக்கும் குறைவு.

ரத்தம் ஏன் சிவப்பு என்று அம்மா கேட்டது மிக நல்ல கேள்வி. ரத்தத்தில் பிராணவாயு நிறைய இருக்கிறது, ஆனால் சயனைடு செல்லுக்குள் பூட்டுப் போட்டுவிடுவதால் உடம்பால் அதை எடுத்துக்கொள்ள முடியவில்லை. மாடு பிராணவாயுவை வைத்துக்கொண்டே மூச்சு முட்டிச் சாகிறது. புத்தகங்களில் வயிற்றைத் திறந்தால் கசப்பு பாதாம் வாசம் அடிக்கும் என்று போட்டிருக்கும். நம் ஊரில் கசப்பு பாதாமை முகர்ந்தவர் யார்? அதுவுமில்லாமல் அந்த வாசமே சிலர் மூக்குக்குத் தெரியாது. சந்தேகம் என்றால் சோடியம் பிக்ரேட் தாள் சோதனை இருக்கிறது, தழையை நசுக்கிக் குப்பியில் போட்டு மேலே அந்த மஞ்சள் தாளைத் தொங்கவிட்டால், சயனைடு இருக்கும்போது செங்கல் நிறமாக மாறும்.

செம்மறி தப்பியதற்குக் காரணம், ஒன்று, மாட்டை விடச் செம்மறி இதைக் கொஞ்சம் தாங்கும். இரண்டு, செம்மறி தலையைத் தரையோடு வைத்துச் சிறு புல்லைப் பொறுக்குகிற பிராணி, மாடு நாக்கைச் சுழற்றி வாய்நிறைய வாரும். முழு நாள் பசியோடு போன மாடு எதைப் பார்த்து வாரியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆத்தூர் அக்கா:
மூலனூர்த் தம்பி, மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் இதே விஷம் குச்சிக்கிழங்கில், அதாவது மரவள்ளியில், வரும். கிழங்கு பிடுங்கும் காலத்தில் தழை மலைமலையாகக் கிடக்கும், ஆட்டுக்கு அவ்வளவு ஆசை. கொஞ்சம் தின்று பழகிய ஆடு தப்பிக்கும், சந்தையில் புதிதாக வாங்கி வந்த ஆடு பட்டினியோடு வந்து வயிறு முட்டத் தின்றால் அங்கேயே விழும். எனக்கு ஒரே நாளில் மூன்று போயிற்று, மூன்றும் அந்த வாரம் வாங்கியவை. வீட்டில் பிறந்த பதினோரு ஆடும் அதே குவியலைக் கொறித்துவிட்டுச் சும்மா நின்றன.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரைச் சுற்றி அரளித் தோட்டம் அதிகம், பூவுக்காகப் போடுவார்கள். செடியாக நிற்கும்போது ஆடு முகர்ந்துவிட்டு விலகிவிடும். கவாத்து செய்து வெட்டிப் போட்ட கிளை நான்கு நாள் காய்ந்ததும் அந்தக் கசப்பு தெரிவதில்லை போல, தின்கிறது. சோளம் காய்ந்தால் விஷம் குறையும் என்கிறார்கள், அரளி காய்ந்தாலும் விஷம் அப்படியே இருக்கும். நாற்கரச் சாலை நடுவில் அரளி வெட்டிப் போடுகிற நாளில் ஆட்டை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

கொழுக்கட்டைப்புல்:
அக்கா சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. விஷச்செடி இல்லாத கொரங்காடு எது? எருக்கு இருக்கும், ஊமத்தை இருக்கும், வேலியில் குண்டுமணிக் கொடி ஏறியிருக்கும். எங்கள் தாத்தா காலத்திலும் இருந்தது, மாடு சாகவில்லை. நம் ஆட்கள் செடிக்குப் பேர் வைத்ததே ஆட்டைப் பார்த்துத்தான். ஆடாதொடை என்றால் ஆடு தொடாத இலை. ஆடுதின்னாப்பாளை என்று இன்னொன்று, பேரிலேயே இருக்கிறது. எதைத் தின்னக்கூடாது என்று மாட்டுக்குத் தெரியும், தாய் பின்னால் போய்க் கற்றுக்கொள்ளும்.

ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர்:
எல்லா மாட்டுக்கும் தெரிந்திருந்தால் என் வேலை பாதி குறைந்திருக்கும் ஐயா. கசப்பான செடிக்கு நீங்கள் சொல்வது சரி. சோளத் துளிர் இனிப்பு, அதை ஒதுக்க எந்தத் தாயும் கற்றுத்தர மாட்டாள். அப்புறம், வயிறு நிறைந்த மாட்டின் புத்தி பசித்த மாட்டுக்குக் கிடையாது.

கொழுக்கட்டைப்புல்:
சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பது மாட்டுக்கும்தான்.

பர்கூர்ப் பட்டி:
எங்கள் மலையில் உண்ணிச்செடி. அமெரிக்காவில் இருந்து வெள்ளைக்காரர் அழகுக்குக் கொண்டு வந்தது, இன்று காட்டில் புல் முளைக்க இடமில்லை. நல்ல புல் இருக்கிற காலத்தில் மாடு அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. மாசி பங்குனியில் வேறு பச்சையே இல்லை என்றால் கடிக்கும். இது சோளம் மாதிரி உடனே கொல்லாது, அதனால் நாள் கடந்துதான் தெரியும். முதலில் அசை நிற்கும், சாணி இறுகிக் கட்டியாகும், கண் மஞ்சளாகும். அப்புறம் வெயிலில் நிற்க முடியாது. பர்கூர் மாட்டுக்குச் செம்மையில் வெள்ளைத் திட்டு இருக்கும் இல்லையா, அந்த வெள்ளை இடமும் மூக்கும் மட்டும் வெந்த மாதிரி உரியும், சிவப்பு இடம் நன்றாக இருக்கும். பார்த்தால் யாரோ வெந்நீரை அளந்து ஊற்றினது போல இருக்கும். எங்கள் பெரியவர்கள் அந்த மாட்டைப் பகலெல்லாம் கொட்டகை இருட்டில்தான் கட்டுவார்கள், காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது.

ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர்:
காரணம் இதுதான். உண்ணிச்செடி கல்லீரலைக் கெடுக்கிறது. மாடு தின்கிற பச்சைத் தழையின் பச்சையம் செரித்து வருகிற ஒரு பொருளைக் கல்லீரல்தான் பித்தத்தோடு வெளியேற்ற வேண்டும். அது முடியாமல் ரத்தத்தில் சுற்றித் தோலுக்கு வரும், வெயில் பட்டால் தோலைப் பொசுக்கும். நிறமுள்ள தோலுக்குக் குடை உண்டு, வெள்ளைக்கு இல்லை. உங்கள் பெரியவர்கள் செய்தது அப்படியே பாடப்புத்தகத்தில் இருக்கிறது. நிழலில் கட்டுவதோடு பச்சையையும் நிறுத்தி உலர்தீவனம் கொடுங்கள், டாக்டரையும் கூப்பிடுங்கள், ஏனென்றால் வயிற்றிலேயே தங்கிய தழையில் இருந்து விஷம் பல நாள் ஊறிக்கொண்டே இருக்கும்.

கோத்தகிரிப் பால்:
இதை விட மெதுவான ஒன்று எங்களிடம் இருக்கிறது. பெரணி. தேயிலைக் காட்டு ஓரத்தில் மேய்கிற மாடு வருஷக்கணக்கில் அதைத் தின்றால் சிறுநீரில் ரத்தம் போகும். வரும் போகும், ஊசி போட்டால் நிற்கிற மாதிரி இருக்கும், கடைசியில் மாடு வெளுத்து மெலிந்து போகும். சிறுநீர்ப்பையில் கட்டி என்று சொன்னார்கள். இதற்கு யாரைக் குற்றம் சொல்வது, எந்த நாளைக் குற்றம் சொல்வது?

புதுப்பண்ணை:
படிக்கவே பயமாக இருக்கிறது. நான் போன வருஷம்தான் பண்ணை ஆரம்பித்தேன், மூன்று ஏக்கர் மேய்ச்சல், பார்த்தீனியமும் எருக்கும் நிறைய. மொத்தமாகக் களைக்கொல்லி அடித்துச் சுத்தமாக்கிவிட்டால் நிம்மதிதானே? இன்னொரு சந்தேகம், மாட்டுக்கு விஷம் என்றால் புளிக்கரைசலும் நல்லெண்ணெயும் ஊற்றலாமா? எங்கள் ஊரில் அப்படித்தான் செய்கிறார்கள்.

ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர்:
இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். விழுந்து கிடக்கிற மாட்டின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். அதற்கு விழுங்க முடியாது, ஊற்றியது நுரையீரலுக்குப் போகும். விஷத்தில் தப்பி எண்ணெய் புரையேறி நிமோனியாவில் செத்த மாடுகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். சயனைடுக்கு மருந்து சோடியம் நைட்ரைட்டும் சோடியம் தயோசல்பேட்டும், நரம்பில் போட வேண்டும், அளவு தெரிந்தவர் போட வேண்டும். கிடாரி எழுந்தது அதனால்தான். போன் அடிக்கும்போதே சோளம் தின்றது, குச்சிக்கிழங்குத் தழை தின்றது என்று சொல்லிவிட்டால் வருகிறவர் மருந்தோடு வருவார், சும்மா மாடு விழுந்துவிட்டது என்றால் கால்சியம் பாட்டிலோடு வருவார். இந்த விஷத்தில் அறிகுறி தெரிந்த பின் இரண்டு மணி நேரம் தாக்குப்பிடித்த மாடு பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

களைக்கொல்லி விஷயம். அடித்த செடி உடனே சாகாது, வாடும். வாடுகிற செடியில் சில இனிப்பாகிவிடும், அதுவரை தொடாத மாடு அப்போது தொடும். அடித்தால் செடி முழுக்கக் காய்ந்து மக்கும்வரை மாட்டை உள்ளே விடக்கூடாது, அத்தனை வாரம் மாட்டை எங்கே மேய்ப்பீர்கள் என்பதை முதலில் யோசியுங்கள்.

கொழுக்கட்டைப்புல்:
அடித்து முடித்ததும் வெறும் மண் கிடக்கும், அடுத்த மழைக்கு முதலில் வருவது மறுபடியும் பார்த்தீனியம்தான். தம்பி, பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்னால் மழை ஈரத்தில் கையுறை போட்டுப் பிடுங்குங்கள், வேரோடு வரும். எருக்கை விடுங்கள், அதுவும் விஷம்தான், ஆனால் வயிறு நிறைந்த மாடு அதைத் தொடாது. புல்லைக் கெட்டியாக்குங்கள். ஐப்பசி மழையில் ஒரு பகுதியை மூடிப்போட்டுக் கொழுக்கட்டைப்புல் விதை உதிரும்வரை எதையும் விடாதீர்கள். புல் அடர்ந்த காட்டில் களைக்கு இடம் கிடைக்காது. கொரங்காட்டை நான்கு துண்டாக்கிக் கிளுவை வேலி போட்டு மாற்றி மாற்றி மேய்த்தது இதற்காகத்தான், ஒன்று மேயும்போது மூன்று ஆறும்.

ஆத்தூர் அக்கா:
எல்லாருக்கும் நான்கு துண்டு காடு இருக்கிறதா ஐயா? எனக்கு ஒன்றே கால் ஏக்கர், மீதி மேய்ச்சல் ரோட்டோரம்தான். என் வழி எளிது. காலையில் வெளியே ஓட்டும் முன் ஆளுக்கு ஒரு பிடி கடலைக்கொடியோ காய்ந்த தட்டோ போட்டுவிடுவேன். பாதி வயிறு நிறைந்து போகிற ஆடு பார்த்துக் கடிக்கும். வாங்கி வந்த ஆட்டை ஒரு வாரம் கட்டித்தான் தீவனம். கவாத்துத் தழை, தோட்டக் கழிவு எதையும் யார் கொடுத்தாலும் வாங்கிப் போட மாட்டேன்.

ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர்:
இதை விட நல்ல யோசனை என்னிடம் இல்லை.

புதுப்பண்ணை:
என்னிடம் கம்பு நேப்பியர் புல்லும் கோ.எஃப்.எஸ்.29 என்கிற தீவனச் சோளமும் இருக்கின்றன. அதுவும் விஷமா? கொட்டகை கழுவுகிற தண்ணீரைத்தான் பாய்ச்சுகிறேன், யூரியாவும் போடுகிறேன்.

ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர்:
தீவனச் சோளத்துக்கு முதல் அறுப்பு 65 நாளில், அப்புறம் 50 நாளுக்கு ஒருமுறை என்று சொல்கிறார்கள் இல்லையா, அந்தக் கணக்கைக் குறைக்காதீர்கள். ஒழுங்காகத் தண்ணீர் பார்த்து வளர்ந்து பூத்த பயிர் பெரிய ஆபத்து இல்லை. தண்ணீர் இல்லாமல் சுருண்டு நின்று பிறகு மழை கண்ட பயிர்தான் மோசம். வெட்டிய பச்சைத் தட்டை ஈரத்தோடு இரவெல்லாம் குவித்து வைக்காதீர்கள். நேப்பியரில் சயனைடு பயம் இல்லை, ஆனால் நீங்கள் பாய்ச்சுகிற தண்ணீருக்கும் யூரியாவுக்கும் நைட்ரேட் ஏறும். அதில் ரத்தம் சிவப்பாக இருக்காது, காப்பித்தூள் நிறத்துக்குப் போகும், மருந்தும் வேறு, மெத்திலீன் நீலம். அதனால்தான் நிறத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். யூரியாவைப் பாதியாகக் குறையுங்கள்.

மூலனூர்க்காரன்:
எல்லோருக்கும் நன்றி. இன்று காலை ஊசி போட்ட டாக்டரைப் போய்ப் பார்த்தேன், துளிரைக் கொண்டுபோய்க் காட்டினேன், பார்த்ததும் அவரும் இதையே சொன்னார். கிடாரி இன்று தவிடு தின்றது, அசை போடுகிறது. வடக்குத் தோட்டத்துக்காரரிடம் சண்டைக்குப் போகவில்லை, போய் விஷயத்தைச் சொன்னேன், அவரே ஆள் விட்டுக் கழிவைக் குழியில் போடுகிறேன் என்றார்.

பசுவை வெட்டிப் பார்க்காமல் புதைத்துவிட்டது இப்போது உறுத்துகிறது, காப்பீட்டுக்கும் அது வேண்டுமாம். அந்த நேரத்தில் கத்தி வைக்க மனம் வரவில்லை, வேறு என்ன சொல்வது.

கடைசியாக ஒரு கேள்வி டாக்டர் ஐயா. அந்த ஒன்றரை ஏக்கர் சோளத்தை என்ன செய்வது? உழுதுவிட வேண்டுமா, இல்லை விட்டால் பிறகு தீவனத்துக்கு ஆகுமா? குத்தகைப் பணம் முழுவதும் கொடுத்திருக்கிறேன்.

ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர்:
உழ வேண்டியதில்லை. மாடு போகாதபடி அடைத்து வையுங்கள். பூக்கட்டும், கதிர் வரட்டும், அப்புறம் அறுத்துப் பரப்பி நன்றாக வெயிலில் காயவிடுங்கள். ஒடித்தால் சடக் என்று முறிய வேண்டும், வளைந்தால் இன்னும் நாள் இருக்கிறது என்று அர்த்தம். முழுக்கக் காய்ந்த தட்டைக் கொடுக்கலாம், முதல் வாரம் வைக்கோலோடு கலந்து கொஞ்சமாகக் கொடுங்கள். மறுபடி மழை பெய்து கட்டை துளிர்த்தால் மறுபடி அடைத்துவிட வேண்டும்.

கொழுக்கட்டைப்புல்:
எதை வைத்து அடைக்கப்போகிறீர்கள்? நடுக்காட்டில் இருக்கிறது என்றீர்களே, கிளுவை நட்டால் வேலியாக வருஷம் ஆகும்.

மூலனூர்க்காரன்:
இப்போதைக்குக் குத்தகைக் காட்டுப் படலையே கயிறு போட்டுக் கட்டியிருக்கிறேன் ஐயா. மாடுகள் எங்கள் ஆறு ஏக்கரிலேயே இருக்கும்.

ஆத்தூர் அக்கா:
கயிறு வேண்டாம் தம்பி, வீட்டில் யாராவது தெரியாமல் அவிழ்த்து விடுவார்கள். சங்கிலி போட்டுப் பூட்டுங்கள், சாவியை அம்மாவிடம் கொடுங்கள்.